"நாம ஸ்கூல் தானே, நமக்கு எதுக்கு மழைத்தண்ணி பர்மிட்?"

கலிஃபோர்னியால ஒரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல கட்டட வேலைகளைப் பாத்துக்கிற பிரிவுல இருக்கிற ஒரு தமிழ் வாசகி எழுதியிருக்காங்க. ஒரே கேம்பஸ்ல இந்த சம்மர்ல 0.7 ஏக்கர்ல விளையாட்டு மைதானம், அடுத்த சம்மர்ல 0.6 ஏக்கர்ல புது கிளாஸ்ரூம் கட்டடம், ரெண்டும் ஒரே பாண்ட் பணம், போர்டு ஒரே தீர்மானத்துல பாஸ் பண்ணினது. "ஒவ்வொண்ணும் ஒரு ஏக்கருக்குக் கீழ, அதோட நாம அரசாங்க ஸ்கூல், ஸ்டார்ம் வாட்டர் பர்மிட் எதுவும் தேவையில்ல, வேணும்னா கான்ட்ராக்டர் பாத்துக்குவான்"னு மேலதிகாரி சொல்றாராம். பஸ் ரிப்பேர் பண்ற யார்டும் டிஸ்ட்ரிக்டுக்கு இருக்கு. பேப்பர்ல கையெழுத்து போடுற இடத்துல நான் இருக்கேன், எனக்கு பயமா இருக்கு, தப்பாப் போனா அபராதம் எவ்வளவு வரும்னு கேக்குறாங்க.

அம்மா, உங்க பயம் நியாயமானது. உங்க மேலதிகாரி சொன்னதுல ஒரு பாதி உண்மை இருக்கு, அதுதான் ஆபத்து. முனிசிபல் மழைநீர் பர்மிட்னு ஒண்ணு இருக்கு, எம்எஸ்4னு சொல்வாங்க, ஊர் முழுக்க இருக்கிற வடிகாலுக்கானது. கலிஃபோர்னியாவோட 2013 சின்ன எம்எஸ்4 பர்மிட்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுகளை மொத்தமா உள்ள இழுக்கல, அந்தந்தப் பகுதியில தண்ணி மாசைக் கண்காணிக்கிற மாநில அமைப்பான ரீஜனல் வாட்டர் போர்டு நினைச்சா தனித்தனியா சேக்கலாம்னு விட்டுட்டாங்க. அதைக் கேள்விப்பட்டவங்க "ஸ்கூலுக்கு விலக்கு"ன்னு பேசிப் பேசி அதுவே சட்டம் மாதிரி ஆயிடுச்சு. ஆனா பர்மிட் வாசல்ல தொங்குற போர்டைப் பாத்து வரதில்ல, தரையில நீங்க என்ன செய்றீங்கன்னு பாத்து வருது. மண்ணைத் தோண்டினா ஒரு பர்மிட், வண்டி ரிப்பேர் பண்ணினா இன்னொண்ணு.

முதல்ல மண். 1999ல ஃபெடரல் விதி மாறி, கட்டுமான வேலைக்கு மழைநீர் பர்மிட் தேவைப்படுற எல்லை 5 ஏக்கர்ல இருந்து 1 ஏக்கர் ஆச்சு. கலிஃபோர்னியால இப்ப நடப்புல இருக்கிற கட்டுமான மழைநீர் பர்மிட் 2022-0057-டிடபிள்யூக்யூ ஆர்டர், 2023 செப்டம்பர் 1ல இருந்து அமல். ஒரு ஏக்கர்னா 43,560 சதுர அடி. அதுக்குக் கீழ இருந்தாலும் அந்த வேலை ஒரே பெரிய திட்டத்தோட (காமன் பிளான்னு சொல்வாங்க) ஒரு துண்டுன்னா மொத்தத்தையும் கூட்டித்தான் கணக்கு. உங்க கேஸ் அப்படியே இதுதான், ஒரே கேம்பஸ், அடுத்தடுத்த இடம், ஒரே பாண்ட், ஒரே தீர்மானம், 0.7ம் 0.6ம் சேந்து 1.3 ஏக்கர். வருஷம் வேற வேறன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, வேற வேற சமயத்துல நடந்தாலும்னு காமன் பிளானுக்கான விளக்கத்துலயே இருக்கு. இதுவே அஞ்சு மைல் தள்ளி இருக்கிற இன்னொரு ஸ்கூல்ல நடக்கிற வேலையா இருந்தா நான் வேற மாதிரி சொல்லியிருப்பேன். கூட்டும்போது கட்டடம் நிக்கிற இடத்தை மட்டும் அளக்காதீங்க, மண் குவிச்சு வைக்கிற இடம், லாரி போற பாதை, குழாய் போட வெட்டின பள்ளம் எல்லாம் கணக்குதான். பார்க்கிங்ல மேல் தாரை மட்டும் சுரண்டிட்டு அடியில மண் தெரியாம புதுசா போடுறது பராமரிப்பு வேலை, அதைச் சேக்க வேண்டாம்.

அடுத்து "கான்ட்ராக்டர் பாத்துக்குவான்". இதைத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்ல விரும்புறேன். ஸ்மார்ட்ஸ்ங்கிற மாநில ஆன்லைன் சிஸ்டத்துல பர்மிட்டுக்குப் பதிவு பண்றப்போ சட்டப்படி பொறுப்பாளி நிலத்தோட சொந்தக்காரர், அதாவது டிஸ்ட்ரிக்ட். கான்ட்ராக்டர் இல்ல. மாசு தடுப்புத் திட்டத்தை க்யூஎஸ்டி, அதாவது அதை எழுத தகுதிச் சான்று உள்ளவர், எழுதணும், சைட்ல அதை நடைமுறைப்படுத்த தகுதி உள்ள க்யூஎஸ்பி பாக்கணும், ஆனா கையெழுத்து டிஸ்ட்ரிக்ட் தலைமையோடது, இல்ல அவங்க முறைப்படி நியமிச்ச ஆளோடது. உங்களைப் போடச் சொன்னா, நியமனம் எழுத்துல இருக்கா, ஸ்மார்ட்ஸ்ல ஏறியிருக்கான்னு பாக்காம பேனாவைத் தொடாதீங்க. டபிள்யூடிஐடிங்கிற பர்மிட் பதிவு நம்பர் கைக்கு வராம முதல் மண்வெட்டி விழக்கூடாது.

ஒரு பள்ளி சைட்டுல நான் பாத்தது இன்னும் கண்ணுல நிக்குது. வடிகால் வாயைச் சுத்தி வைக்கோல் உருட்டு வச்சிருந்தாங்க, ஆனா தரையில அழுத்திக் கட்டாம சும்மா போட்டிருந்தாங்க, முதல் மழைக்கே அது மிதந்து ஓரமா ஒதுங்கிடுச்சு, பக்கத்துல கான்க்ரீட் வண்டி கழுவின தண்ணி பால் மாதிரி நேரா உள்ள போயிட்டிருந்தது. அந்தக் குழாய் எந்த சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போகல, நேரா ஓடைக்குத்தான். அங்க மீன் இருக்கு, பிள்ளைங்க கால் நனைக்கிற இடம். எல்லா பேப்பரும் ஃபைல்ல பக்காவா இருந்துச்சு, அதுதான் வேதனை.

அபராதம் கேட்டீங்க. ஃபெடரல் சட்டத்துல ஒரு மீறலுக்கு ஒரு நாளைக்கு 60,000 டாலருக்கும் மேல போகலாம், ரீஜனல் வாட்டர் போர்டு தானே ஒரு நாளைக்கு 10,000 டாலர் வரைக்கும் போடலாம். 60 நாள் நோட்டீஸ் குடுத்துட்டு பொதுமக்களும் கேஸ் போடலாம். "ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் மேல ஃபெடரல் கோர்ட்ல கேஸ் போட முடியாது"ன்னு உங்க ஆளுங்க சொன்னா, அதுலயும் பாதி உண்மை. 1992ல மடேரா யூனிஃபைட் வழக்குல 9வது சர்க்கியூட்ங்கிற ஃபெடரல் அப்பீல் கோர்ட், கலிஃபோர்னியா ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் மாநிலத்தோட அங்கம், ஃபெடரல் கோர்ட் கேஸ்ல இருந்து அதுக்குப் பாதுகாப்பு உண்டுன்னு சொல்லுச்சு. ஆனா அதே கோர்ட் 1996ல மாநில சாலைத் துறையான கால்ட்ரான்ஸ் மேல வந்த மழைநீர் வழக்குல, துறை மேல முடியாது, டைரக்டர் மேல "இனிமே சட்டப்படி நட"ன்னு உத்தரவு கேட்டுப் போடலாம்னு விட்டுடுச்சு. அப்போ உங்க ஊர்ல கேஸ்ல யார் பேர் வரப்போகுதுன்னு சூப்பரின்டென்டென்ட்டுக்கு நிதானமா எடுத்துச் சொல்லுங்க. வாட்டர் போர்டு அபராதத்துக்கு இந்தப் பாதுகாப்பு குறுக்க நிக்காது.

பஸ் யார்டு விஷயம். எண்ணெய் மாத்துறது, பஸ் கழுவுறது, டீசல் போடுறது நடந்தா தொழில் நடக்கிற இடங்களுக்கான மழைநீர் பர்மிட், அதாவது இண்டஸ்ட்ரியல் பர்மிட் கேள்வி வரும், ஸ்கூல் பஸ்ஸுக்கு 4151னு தொழில் கோடே இருக்கு. டிஸ்ட்ரிக்டே நடத்துற யார்டு ஸ்கூலோட துணைப் பிரிவு, தனியார் பஸ் கம்பெனிக்குத்தான் தேவைன்னு ஃபெடரல் சுற்றுச்சூழல் ஏஜென்சியான இபிஏ பழைய விளக்கம் ஒண்ணு குடுத்திருக்கு. அதை மட்டும் நம்பி உக்காராதீங்க, கலிஃபோர்னியால பல டிஸ்ட்ரிக்ட் யார்டுங்க இந்தக் கோடுல பதிவாகியிருக்கு. ரீஜனல் போர்டு ஸ்டாஃப்கிட்ட என்னென்ன வேலை நடக்குதுன்னு மறைக்காம எழுதிக் கேட்டு பதிலை எழுத்துல வாங்குங்க, ஃபோன்ல சொன்னது கணக்குல வராது. எல்லாமே கூரைக்குக் கீழ, மழை படாதுன்னா நோ எக்ஸ்போஷர் சர்டிஃபிகேட் வழி இருக்கு. எப்படி ஆனாலும் பஸ் கழுவுற சோப்புத் தண்ணி நாளைக்கே வடிகாலுக்குப் போறதை நிறுத்துங்க, சாக்கடை ஏஜென்சி அனுமதி வாங்கி அந்த லைனுக்குத் திருப்புங்க, இதுக்கு எந்த பர்மிட் பதிலுக்கும் காத்திருக்க வேண்டாம்.

இந்த வாரமே மேலதிகாரிக்கு ஒரு ஈமெயில் போடுங்க, 0.7 + 0.6 கணக்கும் போர்டு தீர்மானத்தோட தேதியும் அதுல இருக்கட்டும், க்யூஎஸ்டி யார்னு கேளுங்க, உங்க கையில ஒரு காப்பி வச்சுக்கோங்க.