உண்டியலில் வசூலித்த பணத்துக்கு 80ஜி ரசீது யார் தருவது?

நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு பெற உதவும் அந்த ரசீதை உங்கள் கல்லூரிக் குழு தர முடியாது. மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகக் கடைத்தெருவில் வசூலித்தபோது 5,000 ரூபாய் போட்டவர் இப்போது 80ஜி கேட்கிறார் என்கிறீர்கள். அதைத் தரும் உரிமை வருமான வரித்துறையில் பதிவு பெற்ற நிறுவனத்துக்குத்தான், அதாவது நீங்கள் பணம் கட்டப்போகும் அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கு.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே டிடியாகக் கட்டினால் ரசீதும் ஒரே பெயரில்தான் வரும். போதாக்குறைக்கு, ரொக்கமாக 2,000 ரூபாயைத் தாண்டிக் கொடுத்திருந்தால் வரிக்கழிவே கிடையாது.

அதனால் அவர் எப்படிக் கொடுத்தார் என்று முதலில் பாருங்கள். ரொக்கம்தான், இன்னும் கட்டவும் இல்லை என்றால், கௌரவம் பார்க்காமல் திருப்பிக் கொடுத்து, அவர் வங்கிக் கணக்கிலிருந்தே பான் எண்ணோடு நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், அவர் புதிய வரி முறையில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். அதில் இந்தக் கழிவு இல்லை, இது தெரியாமலே ரசீதுக்கு அலைகிறவர்கள் நிறைய.

ஒன்று மட்டும். ஆராய்ச்சிக்கு என்று சொல்லித்தான் வாங்கியிருக்கிறீர்கள், சரி, ஆனால் அதற்கென்று ஒதுக்க முடியுமா என்று அங்கே முன்பே கேட்டுக் கடிதத்திலும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் பொது நிதியில் சேர்ந்துவிடலாம்.