நாற்பது வயதில் வாட்டர் ஸ்கீயிங் தொடங்கலாமா? நீச்சல் சுமாராகத்தான் வரும்

தாராளமாகத் தொடங்கலாம். படகு கயிற்றால் இழுக்க, காலில் மாட்டிய இரண்டு பலகைமேல் நின்று தண்ணீரில் சறுக்குவதுதானே. நான் தொடங்கியபோது எனக்கு நாற்பத்து மூன்று. "இந்த வயதில் போய்" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், வீட்டில் யாரோ ஏற்கெனவே வாயை வைத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. என்னையும் சொன்னார்கள்.

எனக்கு ஊர் காரைக்குடிப் பக்கம். கல்யாணமாகி மொரீஷியஸ் வந்து பதினாறு வருடம், இங்கே ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். சர்க்கரை வரும்போல இருக்கிறது, தினம் நடங்கள் என்றார் டாக்டர். நாலு மாதம் நடந்தேன், அலுத்துவிட்டது. என் நாத்தனார் மகன் வடக்குக் கடற்கரையில் உள்ள கிராண்ட் பேயில் ஸ்பீட்போட் ஓட்டுகிறான். பேசுவதெல்லாம் இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல், "மாமி" மட்டும் தமிழ். அவன்தான் கூட்டிப்போனான்.

முதல் நாள் ஏழு தடவை விழுந்தேன். கயிறு விறைத்ததும் முழங்கையை மடக்கிப் பிடியை நெஞ்சுக்கு இழுத்துவிடுவேன். கிணற்றில் வாளி இழுத்துப் பழகிய கை, வேறெப்படி இருக்கும்? இழுத்த அடுத்த நொடி மல்லாக்க விழுவேன். எட்டாவது தடவை அவன் படகிலிருந்து கத்தினான்: "லெஸ் பாத்தோ ரிஸ் ஊ, மாமி!" படகு உங்களை இழுக்கட்டும் என்று அர்த்தம். கையை நீட்டியபடியே விட்டேன். முழங்கால் நெஞ்சோடு ஒட்டி, பலகை நுனி இரண்டும் தண்ணீருக்கு மேலே, நடுவில் கயிறு. தண்ணீர் முதலில் மார்பை முட்டியது, பிறகு தொடையை. அப்புறம் திடீரென்று பாதத்துக்கடியில் சிமெண்ட் தரை மாதிரி கெட்டியாகிவிட்டது. பத்து விநாடி நின்றிருப்பேன். அந்தப் பத்து விநாடிக்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

1922-ல் அமெரிக்காவில் இதை முதன்முதலில் செய்துகாட்டிய ரால்ஃப் சாமுவேல்சன் என்ற பதினெட்டு வயதுப் பையனும் பல தடவை விழுந்தவன்தான். பின்னால் சாய்ந்து பலகை நுனியை மேலே தூக்கிய பிறகே அவனுக்கும் நிற்க வந்தது.

உடற்பயிற்சியா என்று கேட்டீர்கள். திங்கட்கிழமை வகுப்பில் கரும்பலகையில் "அம்மா" எழுத சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை, முன்கை அப்படி வலித்தது. தொடை, முதுகு, வயிறு எல்லாம் வேலை செய்கிறது.

நீச்சல் சரியாகத் தெரியாதவரைக் கடலில் தள்ளிவிடுகிறாள் என்று யாரும் கமெண்டில் வராதீர்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்கவே கூடாது. படகில் ஓட்டுபவரைத் தவிர, உங்களையே பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் இருக்க வேண்டும். முதல்முறை வேகம் மணிக்கு முப்பது கிலோமீட்டரை ஒட்டி இருந்தால் போதும். கட்டைவிரல் மேலே காட்டினால் வேகம் கூட்டு, கீழே காட்டினால் குறை. விழுந்தால் பிடியை உடனே விட்டுவிடுங்கள். இன்னொன்று, பெண்களிடம் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: இறுக்கமான நியோப்ரீன் (ரப்பர் மாதிரித் தடித்த துணி) அரைக்கால் சட்டை போடுங்கள். குந்திய நிலையில் வேகமாக விழுந்தால் தண்ணீர் உடம்புக்குள்ளே பீய்ச்சிப் பலமாகக் காயப்படுத்தும். நான் அதற்கு மேலே முழுக்கால் லெகிங்ஸும் முழுக்கைச் சட்டையும் போட்டுத்தான் ஓட்டினேன். உடையைக் காட்டித் தடுப்பவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

கேட்காததையும் சொல்கிறேன். ஒருநாள் ஒரு ஹோட்டல் எதிரே மணலில் படகுக்காகக் காத்திருந்தேன். விருந்தினர்களுக்கு மட்டும், எழுந்து போங்கள் என்றார் காவலாளி. பக்கத்தில் படுத்திருந்த வெள்ளைக்காரர்களை அவர் கேட்கவே இல்லை. ஹோட்டலுக்குக் குத்தகைக்குப் போவது மேலே உள்ள நிலம். கடல் ஏறி நிற்கும் கோட்டுக்குக் கீழே உள்ள மணல் இந்த நாட்டில் எல்லாருக்கும் பொது. அதை அவரிடம் சொன்னேன், எழுந்திருக்கவில்லை. என் பிள்ளைகள் பிறந்த மண் இது. இன்றைக்கும் நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது.

நீங்கள் தீவின் நடுவே மேட்டில் இருக்கும் கியூர்பிப் பக்கம் என்றால் இருட்டோடு கிளம்புங்கள். காற்று எழும்புவதற்குள் வடக்கே வந்துவிட்டால் காயல் கண்ணாடி மாதிரி கிடக்கும். அதற்கு முன்னால் வீட்டுத் தரையிலேயே பழகுங்கள்: முழங்காலை மடக்கி உட்கார்ந்து, கயிற்றை நீட்டிய கையால் பிடித்துக்கொண்டு, எதிரே ஒருவரை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். கையை மடக்காமல் இருந்தால் தானாக எழுந்துவிடுவீர்கள். எனக்கு இழுத்தது என் மகள். அவளுக்கு அப்போது பதினாலு வயது.