ஊசி போடாத உடம்புக்கு எந்த ஷெட்யூல்?

கேள்வி: எனக்கு வயது 27, எடை 68 கிலோ. எட்டு மாதமாக ஜிம் போகிறேன். திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக் என்று ஆறு நாளைக்கும் மாஸ்டர் சார்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். அநேகமாக ஒரு நாளும் தவறியதில்லை. ஆனால் பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி நெஞ்சுக்கு மேல் தூக்குவது) 40 கிலோவிலேயே நிற்கிறது, சட்டை அளவும் மாறவில்லை. ‘சப்போர்ட் (அதாவது ஸ்டீராய்டு) எடுக்காமல் ஏறாது’ என்கிறார்கள் கூட வருபவர்கள். எனக்கு ஊசி, மாத்திரை எதுவும் வேண்டாம். எளிமையாக ஒரு ஷெட்யூல் சொல்ல முடியுமா?

பதில்: 40 கிலோ என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை ரெப்ஸ் (ஒரே மூச்சில் எத்தனை முறை தூக்கினீர்கள்), மூன்று மாதத்துக்கு முன்னால் எவ்வளவு தூக்கினீர்கள் என்று எழுதவில்லை. அநேகமாக உங்களிடம் நோட்டு கிடையாது. உங்கள் சார்ட்டைவிட எனக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

முதலில் அந்த ‘சப்போர்ட்’ பேச்சு. அதில் பாதி உண்மை இருக்கிறது. 1996இல் அமெரிக்காவில் ஷலேந்தர் பாசின் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி, 10 வாரம். ஊசி போட்டுக்கொண்டு எந்த வெயிட் பயிற்சியும் செய்யாதவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை சுமார் 3 கிலோ கூடியது. ஊசி இல்லாமல் ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களுக்குச் சுமார் 2 கிலோ. சும்மா இருந்தவருக்கே அவ்வளவு! அப்படிப்பட்டவர் எந்த சார்ட்டைப் பிடித்தாலும் வளர்வார். அவர் கையிலிருக்கும் சார்ட்டைப் பார்த்து நாம் காப்பி அடிப்பதில்தான் தப்பு நடக்கிறது. நானும் இளம் வயதில் இரண்டு வருஷம் அப்படி ஒரு சாம்பியனின் ஷெட்யூலைப் பிடித்துத் தொங்கினேன். முழங்கை வலி மட்டும்தான் மிச்சம்.

ஊசி போடாத உடம்பில் ஒருமுறை கனமாகத் தூக்கினால், தசை கட்டும் வேலை ஒன்றிரண்டு நாள் மும்முரமாக நடந்துவிட்டு அடங்கிவிடும். திங்களன்று செஸ்ட் அடித்தால் புதனோடு அந்த வேலை முடிந்தது. அடுத்த திங்கள் வரை நெஞ்சுக்கு லீவு. அந்த ஒரு நாளிலும் ஐந்து வகை எக்சர்சைஸ், வகைக்கு நாலு செட் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றுதான் செட்) என்று இருபது செட். முதல் ஆறேழு செட்டுக்கு மேல் கை சோர்ந்து, வெயிட்டைக் குறைத்து ஒப்பேற்றுவதுதான் நடக்கும். ஆறு நாள் சார்ட்டே தப்பு என்று சொல்லமாட்டேன், அதில் எடை ஏறிக்கொண்டிருந்தால் தாராளமாகச் செய்யலாம். உங்களுக்கு ஏறவில்லையே.

சரி, மாற்று. வாரம் மூன்று நாள்: திங்கள், புதன், வெள்ளி. இரண்டே பாடம், மாறி மாறி. முதல் பாடத்தில் ராடைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், குனிந்து ராடை வயிற்றுப் பக்கம் இழுக்கும் ரோயிங். இரண்டாவதில் தரையிலிருந்து ராடைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட், நின்றபடி தலைக்கு மேல் தூக்கும் ஷோல்டர் பிரஸ், புல்லப். புல்லப் வராவிட்டால், மெஷினில் கம்பியை மேலிருந்து கீழே இழுக்கும் லேட் புல்டவுன். ஸ்குவாட்டும் இரண்டு பிரஸ்களும் மூன்று செட், ஐந்து ரெப்ஸ். ரோயிங், புல்டவுன் எட்டு ரெப்ஸ். டெட்லிஃப்ட் வார்ம் அப் போக ஒரே ஒரு கனமான செட் போதும், அது இடுப்பை வாங்கிவிடும். செட்டுக்கு நடுவே மூன்று நிமிடம் உட்காருங்கள். ‘என்னப்பா, போன் பார்த்துட்டே இருக்க’ என்று யாராவது கேட்பார்கள், கேட்கட்டும். ஆசைக்கு வெள்ளிக்கிழமை கடைசியில் பைசெப்ஸ் இரண்டு செட் போட்டுக்கொள்ளுங்கள்.

பெஞ்சை 35இல் தொடங்குங்கள். இரண்டடி பின்னால் வந்துதான் ஓடிப்போய்த் தாண்ட முடியும். அப்புறம் நோட்டு. ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

திங்கள். ஸ்குவாட் 50: 5, 5, 5. பெஞ்ச் 40: 5, 5, 4. ரோயிங் 30: 8, 8, 8. நேற்றுத் தூக்கம் 5 மணி நேரம்.

இதைப் பார்த்தாலே அடுத்த முறை என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். ஸ்குவாட் முழுதாக வந்தது, 52.5க்குப் போகலாம். பெஞ்சில் ஒரு ரெப் குறைந்தது, அதே 40தான். தொடர்ந்து மூன்று முறை அங்கேயே நின்றால் பத்து சதவீதம் குறைத்து, 36 பக்கம் வந்து, மறுபடி ஏறுங்கள். தூக்கக் கணக்கை வேண்டுமென்றேதான் எழுதச் சொல்கிறேன். அந்த விட்டுப்போன ஒரு ரெப் எங்கே போயிற்று என்று பல நாள் அங்கேதான் தெரியும்.

நம் ஊர் ஜிம்களில் ஒரு சிக்கல் உண்டு. 2.5 கிலோ ஏற்ற 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி வேண்டும், பல இடங்களில் அது இருக்காது. சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஐந்து ரெப்ஸில் தொடங்கி, அதே எடையில் மூன்று செட்டும் எட்டு எட்டாக வரும்வரை ஏற்றுங்கள், பிறகு ஐந்து கிலோ கூட்டுங்கள். ராடும் எல்லா இடத்திலும் 20 கிலோ இருக்காது. ஒல்லி ராடுகள் அதில் பாதிகூட இருக்கலாம். எடை மெஷினில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டு, தினமும் அதே ராடை எடுங்கள். டெட்லிஃப்டுக்குப் போட்டிப் பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். உங்கள் ஜிம்மில் சின்னப் பிளேட் என்றால் ராடு தரையோடு கிடக்கும், முதுகு வளையும். இரு பக்கமும் அடியில் இரண்டு பிளேட்டைப் படுக்கவைத்து உயர்த்திக்கொள்ளுங்கள். பெஞ்சில் தனியாகப் படுக்காதீர்கள், தலைமாட்டில் ஒருவர் நிற்கட்டும். ஹெர்னியா, பிரஷர், பழைய இடுப்பு வலி ஏதாவது இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சாப்பாட்டில் ஒரே கணக்கு: உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரோட்டீன். உங்களுக்கு 110 கிராம் அளவில் வரும். நாலு முட்டையில் 24, அரை லிட்டர் பாலில் 16, வெந்த கோழி 150 கிராமில் 45. முப்பது கிராம் சோயா உருண்டை 15 தரும். மீதியைச் சாம்பாரும் சுண்டலும் பார்த்துக்கொள்ளும். பவுடர் அவசியமில்லை. காசு செலவழித்தே ஆக வேண்டுமென்றால் கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற சப்ளிமென்ட், தினம் 3 முதல் 5 கிராம். அது ஊசி வகையைச் சேர்ந்ததல்ல.

இரண்டு வாரத்தில் மூன்று முறை பெஞ்ச் வரும். எல்லாம் ஒழுங்காகப் போனால் இரண்டு மாதத்துக்குள் 50ஐத் தொடலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஏறாது, வாரத்துக்கு ஒரு முறை என்று ஏற்றம் நிதானமாகும். அப்போது வேறு ஷெட்யூல் தேவைப்படும். எழுதுங்கள், நோட்டின் கடைசி நாலு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்.