ஒரு மின்னேற்றி, மூன்று கார்கள்: கேள்வி பதில்

கொழும்பின் ஒழுங்கைகளில் மின்சாரக் காருக்கான மின்னேற்றியை அயலவரோடு பகிர்ந்துகொள்வது பற்றி வந்த கேள்விகளுக்கு, வீட்டு மின்னிணைப்பு வேலைகளில் நெடுநாள் பழகிய பொறியியலாளர் ஒருவர் தரும் பதில்கள்.

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகளில் மின்சாரக் கார் உண்டு. மின்னேற்றி பொருத்த எங்கள் முற்றத்தில்தான் இடமிருக்கிறது. சிங்கிள் பேஸ் 30 அம்பியர் இணைப்பு போதுமா, ஐயா?

பதில்: போதும், ஆனால் விற்பனையாளர் காட்டும் 7 கிலோவாற்று மின்னேற்றியை முழு வேகத்தில் ஓடவிட முடியாது. 230 வோல்ற்றில் 30 அம்பியர் என்பது மொத்தமாகவே 6.9 கிலோவாற்றுத்தான், அந்த மின்னேற்றியோ 32 அம்பியர் இழுக்கும். குளிரூட்டியும் தண்ணீர் மோட்டாரும் ஓடாத நேரத்தில்கூடப் பிரதான பிரேக்கர் விழக்கூடும். ஆகவே அதை 16 அம்பியருக்குக் குறைத்து வையுங்கள். மணிக்கு ஏறத்தாழ 3.7 அலகு ஏறும்.

அது குறைவாகத் தோன்றலாம். எனினும், வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய்வருபவர் நாளொன்றுக்கு ஓடுவது 20 கிலோமீற்றர் அளவுதான். அலகுக்கு 6 கிலோமீற்றர் என்று வைத்தாலும், ஒரு மணித்தியாலம் ஏற்றினால் அவருடைய நாள் கழிந்துவிடும். நாள்தோறும் பற்றறியை நிரப்பியே தீரவேண்டும் என்ற எண்ணந்தான் அயலில் நெருக்கடியை உண்டாக்குகிறது. அதை விட்டுவிட்டால் மூன்று கார்களுக்கு ஓர் இரவு தாராளம்.

கேள்வி: அயலவரிடம் அலகுக்கு எவ்வளவு வாங்குவது நியாயம்? மாதப் பட்டியலின் மொத்தத் தொகையை அலகுகளால் வகுத்து வாங்கி வருகிறேன்.

பதில்: அப்படி வாங்கினால் நட்டம் உங்களுக்கே. நமது வீட்டுக் கட்டணம் படிமுறையானது: பாவனை கூடக்கூட, மேலதிக அலகின் விலையும் ஏறும்; நிலையான மாதக் கட்டணமும் படியைப் பொறுத்தே மாறும். உங்கள் வீடு மாதம் 150 அலகு பாவிக்கிறது என்றும் அயலவரின் கார் 100 அலகு எடுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்த நூறில் 30 அலகு 121 முதல் 180 வரையான படியில் விழும். மீதி 70 அலகும் 180க்கு மேற்பட்ட, விலை மிகக்கூடிய படியில் விழும். சராசரி விலையில் கணக்கிட்டால் அந்தப் பாரத்தில் ஒரு பங்கை உங்கள் சமையலறையும் மின்விசிறியும் சுமக்கின்றன.

மின்னேற்றிக்கென்று தனியாக ஒரு சிறு மின்மானி பொருத்துங்கள். அவருடைய அலகுகளோடு ஒரு கணக்கும் அவை இல்லாமல் ஒரு கணக்கும் போட்டு, வித்தியாசத்தை மட்டும் பெறுங்கள். அதற்கு மேல் இலாபம் வைத்தால் அது மின்சார விற்பனையாகிவிடும். அனுமதியின்றி அந்தப் பக்கம் போகவேண்டாம். உங்கள் இணைப்பு நேரவாரிக் கட்டண முறையில், அதாவது நாளின் நேரத்துக்கேற்ப அலகு விலை மாறும் முறையில் இருந்தால், மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை யாரும் கேபிளைத் தொடக்கூடாது என்று எழுதியே ஒட்டிவிடலாம், இரவு 10.30 முதல் காலை 5.30 வரைதான் மலிவு.

கேள்வி: என்னுடையது ஜப்பானிலிருந்து வந்த பழைய நிசான் லீஃப், அயலவருடையது புதிய பீவைடி. ஒரே மின்னேற்றி பொருந்துமா?

பதில்: லீஃபில் வீட்டு மின்சாரத்துக்கான கேபிளைச் செருகும் வாய் டைப் 1 என்ற வடிவம், அவருடையது டைப் 2 என்ற வேறு வடிவம். கேபிள் நிரந்தரமாகத் தொங்கும் மின்னேற்றியை வாங்காமல், டைப் 2 சொக்கெற் மட்டும் உள்ளதை வாங்குங்கள். அவரவர் தத்தமது கேபிளைக் கொண்டுவரலாம். கேபிள் பழுதானால் யார் திருத்துவது என்ற வழக்கும் எழாது.

கேள்வி: முற்றத்துக்குள் கார் திரும்ப இடமில்லை. எக்ஸ்டென்ஷன் வயரை மதிலுக்கு மேலால் ஒழுங்கைக்கு எடுக்கலாமா?

பதில்: கூடாது. ஒழுங்கை பொதுப்பாதை, இரவில் நடப்பவர் காலில் அது சிக்கும், முச்சக்கரவண்டி ஏறி நசிக்கும். சுருளில் பாதி வயரைச் சுற்றியபடியே விட்டுப் பல மணித்தியாலம் 10 அம்பியர் ஓட்டினால், உள்வயரின் சூடு வெளியேற வழியின்றி உறை இளகிவிடும். அப்படி ஒட்டிக்கொண்ட ஒரு சுருளைக் கத்தியால் அறுத்தெடுத்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மதிலில் வாயிலோரமாக, எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் தனியே உள்ள பெட்டியைப் பொருத்தி, காரின் சொந்தக் கேபிள் எட்டும் தூரத்தில் நிறுத்துங்கள்.

கேள்வி: கடற்கரைப் பக்க வீடு. மழையில் ஏற்றுவது ஆபத்தா?

பதில்: வெளியிடத்துக்கென்று செய்த கருவிக்கு மழையால் கேடில்லை, வெள்ளம் தேங்கினால் மட்டும் நிறுத்திவிடுங்கள். உங்கள் பக்கத்தில் நான் அஞ்சுவது உப்புக்காற்றுக்கே. வீட்டுச் சுவரின் சாதாரண 13 அம்பியர் சொக்கெற்றில் ஏற்றுவதானால், அதன் பித்தளைத் தகடுகளில் பச்சைக் களிம்பு படிந்து தொடுகை தளர்ந்தால், அந்த இடமே சூடேறும். மூவர் மாறிமாறிச் செருகிக் கழற்றும்போது அந்தத் தளர்வு விரைவில் வரும். ஒரு மணித்தியாலம் ஏற்றியபின் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: ஊசியின் அடியில் பழுப்புக் கறை தெரிந்தால் அன்றே சொக்கெற்றை மாற்றுங்கள், செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.