பயண நூல்களைப் படிப்பதால் மட்டும் என்ன பயன்? நேரில் போவதுதானே பயணம்?

இந்தக் கேள்வியை மூன்று நாளாகத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கேட்டவருக்கு வயது 25க்குள் இருக்கும், கையில் வண்டியும் சனி ஞாயிறு லீவும் இருக்கும் என்று நினைக்கிறேன். தப்பென்றால் மன்னிக்கவும். எனக்கு 46. ஊர் பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் போகும் சாலையில், காட்டை ஒட்டி.

என் மாமனார் பக்கவாதம் வந்து ஆறு வருடம் கட்டிலில் கிடந்தார். வலது கையும் காலும் விளங்கவில்லை. பேச்சு குழறும், பழகினவர்களுக்குப் புரியும். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, வாரம் ஒருமுறைதான் வருவார். அந்த ஆறு வருடத்தில் நான் தர்மபுரியைத் தாண்டிப் போனது இரண்டே தடவை. நான் பயண நூல்களைப் படித்ததெல்லாம் அப்போதுதான். "நேரில் போவதுதானே" என்று நீங்கள் கேட்டது அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது.

கிளை நூலகத்தில் முதலில் கிடைத்தது சிட்டியும் தி. ஜானகிராமனும் எழுதி 1971இல் வந்த 'நடந்தாய் வாழி காவேரி'. நடப்பது காவேரி, எழுதியவர்கள் காரில் போனார்கள். இருந்தாலும், எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பாறையில் விழுந்து இரைகிற ஆற்றுக்கு மேலேயும் கீழேயும் எவ்வளவு ஊர், எவ்வளவு மனிதர்கள் என்று முதல்முறை யோசித்தது அதைப் படித்துத்தான்.

அடுத்தது, பெங்களூரில் இருக்கும் என் தம்பி பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்த ஆங்கிலப் புத்தகம். டெர்வ்லா மர்ஃபி எழுதிய 'ஃபுல் டில்ட்'. அயர்லாந்துக்காரர். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு சைக்கிளும் ஒரு அட்லஸும் கிடைத்ததாம். அப்போதே, ஒருநாள் சைக்கிளில் இந்தியா போவது என்று முடிவு செய்துவிட்டார். கிளம்பியது 1963 ஜனவரியில், 31 வயதில். நடுவில் என்ன செய்தார் தெரியுமா? 14 வயதில் பள்ளியை விட்டு, முடக்குவாதத்தில் விழுந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டார். அம்மா 1962இல் இறந்தார், அதற்குப் பிறகுதான் சைக்கிள். இது தெரிந்த அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

எனக்கு ஆங்கிலம் சுமார். அகராதி வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு நாலு பக்கம். மாமா கவனித்திருக்கிறார்.

"என்னம்மா அது, தினமும்?"

"ஒரு வெள்ளைக்காரம்மா சைக்கிள்லயே டெல்லி வரைக்கும் வந்த கதை மாமா."

விட்டத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் கிடந்தார். பிறகு, "டயரு?" என்றார்.

எத்தனையோ பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். பொம்பளை தனியாகவா, பயமில்லையா என்றுதான் கேட்பார்கள். டயரைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். அந்தம்மா வழியில் இருக்கும் தூதரகங்களுக்கு மாற்று டயரை முன்கூட்டியே அனுப்பி வைத்திருந்தார் என்றேன். மலைப்பாதைக்குத் தாங்காது என்று வண்டியிலிருந்த கியரைக் கழற்றிவிட்டார் என்றும் சொன்னேன். "நல்ல காரியம். ரிப்பேரு கம்மி" என்றார்.

அன்றிலிருந்து ராத்திரி களி ஊட்டி முடித்ததும் நாலு பக்கம் தமிழில் சொல்லுவேன். யூகோஸ்லாவியாப் பனியில் ஓநாய்கள் பாய்ந்ததும் துப்பாக்கியால் சுட்டதும் வந்த இடத்தில், அவர் வாயைத் திறந்தார்.

மாமா பட்டுப்புழு வளர்த்தவர். கூடுகளைக் கோணியில் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்து, தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு மிதிப்பார். 40 கிலோமீட்டருக்குக் குறையாது. கூடு கட்டி ஏழெட்டு நாளில் விற்றாக வேண்டும். விட்டால் உள்ளே இருக்கும் பூச்சி ஓட்டை போட்டு வந்துவிடும், அப்புறம் நூல் எடுக்க முடியாது. வெயில் பட்டாலும் கெடும், அழுத்திக் கட்டினாலும் நசுங்கும். அதனால் நடுராத்திரியில் கிளம்பி, விடியும்போது ஊர் எல்லையைத் தொடுவாராம். ஒருமுறை சாலை நடுவில் யானை நின்றது. வண்டியைச் சாய்க்க முடியாது, கூடு நசுங்கும். பிடித்தபடி அசையாமல் நின்றாராம், அது போகும்வரை. "கை நடுங்கினா மணி அடிச்சிரும்னு மணியப் பொத்திக்கிட்டேன்" என்று இடது கையைக் குவித்துக் காட்டினார்.

கல்யாணமாகி 20 வருடம் அந்த வீட்டில் இருந்தேன். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரருக்கே தெரியாது. சந்தைக்குப் போனதெல்லாம் ஒரு கதையா என்று நினைத்திருக்கிறார். அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் சொல்லாமலே போயிருப்பார்.

வெள்ளைக்காரர் எழுதினால்தான் பயணமா என்று கமெண்டில் வருவீர்கள். இல்லை. வாயிலில் காக்க வைத்ததற்காக மூட்டையைக் கட்டிக்கொண்டு "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே" என்று ஔவையார் பாடியது அதியமான் நெடுமான் அஞ்சியிடம். அவனுடைய தகடூர்தான் இன்றைய தர்மபுரி. உரையை வைத்துக்கொண்டு சங்கப் பாட்டான மலைபடுகடாமும் படித்தேன். பக்கத்துச் செங்கத்து மன்னன் நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தருக்கு, பன்றிக்கு வைத்த பொறியில் மாட்டாதே, பரணிலிருந்து கவண்கல் வரும், ஒதுங்கிப் போ என்று வழி சொல்கிற பாட்டு. மாமாவுக்கு அதில் ஒரு வரிக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நிலக்கடலைக் கொல்லையில் பரண் போட்டுக் காவல் இருந்தவர். படிப்பது போவதற்கு ஈடு என்றும் நான் சொல்லவில்லை, அப்படித் திரிக்க வேண்டாம்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும். மாமா இளைப்பாறிய புளியமரங்கள் ஒன்றும் இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்த வெட்டினார்கள். கோடையில் நடப்பவனுக்கு நிழல், புளி உலுக்கி உடைக்கிற பெண்களுக்கு இரண்டு மாத வேலை, எல்லாம் போயிற்று. பதிலுக்கு நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. தார் முடிகிற இடத்தில் ஒரு முழம் பள்ளம். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை லாரிக்கு எங்கே ஒதுங்கும்? மனு கொடுத்தேன். ரசீது மட்டும் இருக்கிறது.

மாமா போய் மூன்று வருடமாகிறது. கேட்டவர் தர்மபுரிப் பக்கம் என்றால் சொல்லுங்கள், 'ஃபுல் டில்ட்' தருகிறேன். திருப்பித் தந்துவிட வேண்டும். கடைசி வெற்றுப் பக்கத்தில், எந்த மேட்டில் இறங்கித் தள்ள வேண்டும், எந்தக் கிணற்றில் தண்ணீர் நல்லது என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிய வழி இருக்கிறது.