எம்.இ. உற்பத்திப் பொறியியல்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

பி.இ. மெக்கானிக்கல் முடித்து, கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறையில் இரண்டு ஆண்டுகளாகச் சி.என்.சி. எந்திரம் (கணினிக் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் எந்திரம்) ஓட்டிவரும் தங்கள் மகன் எம்.இ. உற்பத்திப் பொறியியல் படிக்க விரும்புவதையும், உறவினர்கள் எம்.பி.ஏ.வே நல்லது என்று வற்புறுத்துவதையும் எழுதியிருந்தீர்கள். உறவினர்கள் வீண் என்று எண்ணும் அந்த இரண்டு ஆண்டுகள்தான் இந்தப் படிப்புக்கு அவர் கொண்டுபோகும் மூலதனம் என்பது என் கருத்து.

வேகத்தைக் கூட்டினால் பீஸ் சீக்கிரம் முடியும், ஆனால் உலோகத்தை வெட்டும் டூலின் முனை சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பது அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்திருக்கும். டூல் விலையையும் அதை மாற்ற ஆகும் நேரத்தையும் சேர்த்து, எந்த வேகத்தில் ஒரு பீஸின் செலவு மிகக் குறைவாக வரும் என்று கணக்கிடுவதை எம்.இ. கற்றுத்தரும். வார்ப்பு, வெல்டிங், அளவியல், தரக் கட்டுப்பாடு ஆகியவையும் பாடத்தில் உண்டு. எந்திரம் ஓட்டுபவர் செய்முறைத் திட்டமிடலுக்கோ டூல் வடிவமைப்புக்கோ உயர இந்தக் கணக்கு வேண்டும்.

ஆனால் பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான தேசிய நுழைவுத் தேர்வாகிய கேட் (GATE) எழுதாமல் சேர வேண்டாம். தகுதி பெற்று, ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகரித்த கல்லூரியில் முழுநேரமாகச் சேருவோருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. சம்பளத்தை விட்டு வரும் பிள்ளைக்கு அது சிறிய தொகையன்று. கேட் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 65 கேள்விகள், 100 மதிப்பெண்; அதில் பொதுத்திறனுக்கு 15, கணிதத்துக்கு 13. பட்டறையிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் கணிதத்தில்தான் தடுமாறுகிறார்கள். மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதால், வேலையில் இருந்துகொண்டே எழுதலாம். உற்பத்திப் பொறியியலுக்குத் தனித் தாள் இருந்தாலும், பொதுத்துறை நிறுவன வேலைகளுக்கும் வழி திறந்திருக்க வேண்டுமென்றால் மெக்கானிக்கல் தாளையே எழுதச் சொல்வேன்.

திருச்சி என்.ஐ.டி. போன்ற இடம் கிடைத்தால் யோசிக்க வேண்டியதில்லை. மற்றக் கல்லூரிகள் என்றால், பிளேஸ்மென்ட் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் மகனை ஆய்வகத்துக்குள் போய்வரச் சொல்லுங்கள். எந்திரத்துக்கு அடியிலுள்ள தட்டில் புதிய உலோகச் சுருள்கள் கிடக்கின்றனவா, வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலண்ட் தொட்டியில் திரவம் இருக்கிறதா, அல்லது எந்திரம் துணி போர்த்தி ஆயுதபூஜைப் பொட்டோடு அப்படியே நிற்கிறதா என்பதை அவர் கண் ஒரே பார்வையில் சொல்லிவிடும். அளவீட்டு அறையின் வெப்பநிலையையும் கேட்கட்டும். அளவுகள் 20 டிகிரி செல்சியசுக்கே வரையறுக்கப்பட்டவை. ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி கூடினாலே ஏறக்குறைய 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளும். குளிர்சாதனம் ஓடாத அறையில் இருக்கும் விலையுயர்ந்த அளவீட்டுக் கருவி வருகிறவர்களுக்குக் காட்ட மட்டுமே வாங்கியது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

மகனின் பி.இ. மதிப்பெண் பட்டியலையும், பட்டறையில் அவர் எந்தெந்த எந்திரங்களில் என்னென்ன பீஸ் செய்திருக்கிறார் என்பதையும் எழுதி அனுப்புங்கள். இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்துக்கான தலைப்பு அதிலேயே கிடைக்கக்கூடும்.