டொரண்டோவில் உறைமழை: பயப்பட வேண்டியது டிக்கெட்டைப் பார்த்து

கேள்வி: ஜனவரியில் என் பெற்றோர் (அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 69) பிராங்க்பர்ட் வழியாக டொரண்டோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறார்கள். உறைமழையில் இறக்கையில் ஐஸ் பிடித்து விபத்தாகும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். ஏஜெண்டோ, "தனித்தனியாக இரண்டு டிக்கெட் போட்டால் 22,000 ரூபாய் மிச்சம். ஆளுக்கு 4,000 கட்டினால், பனியால் ரத்தானாலும் முழுப் பணத்தையும் வாங்கித் தருகிறேன்" என்கிறார். பயணத்தை ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கலாமா?
- ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: தள்ளிவைக்க வேண்டாம். ஏப்ரல் மட்டும் என்ன உத்தரவாதம்? 2018இல் ஏப்ரல் நடுவில்தான் தெற்கு ஒன்டாரியோவை ஐஸ் புயல் புரட்டிப்போட்டது. மாற்ற வேண்டியது டிக்கெட்டை.

முதலில் விபத்து பயம். உறைமழையின்போது மேலே வெதுவெதுப்பான காற்று, தரையை ஒட்டிப் பூஜ்யத்துக்கும் கீழான குளிர். துளி நீராகவே இறங்கி, எதைத் தொட்டாலும் உறைந்து ஒட்டிக்கொள்ளும். பனித்தூளைப்போல் தள்ளிவிட முடியாது. உப்புத்தாள் சொரசொரப்பு அளவுக்கு இறக்கையில் படிந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறையலாம். 1982 ஜனவரியில் வாஷிங்டனில் ஐஸோடு கிளம்பிய விமானம் பாலத்தில் மோதி ஆற்றில் விழுந்து 78 பேர் இறந்தார்கள். 1989இல் கனடாவின் டிரைடனில் 24 பேர். இவற்றுக்குப் பிறகு கெடுபிடி அதிகம். இறக்கை சுத்தமாக இல்லாமல் கிளம்பக் கூடாது.

அதனால்தான் டி-ஐசிங். சூடான ஆரஞ்சு நிறத் திரவத்தால் ஐஸைக் கரைத்து, மேலே கெட்டியான பச்சைத் திரவத்தைப் பூசுவார்கள். அது எத்தனை நிமிடம் தாங்கும் என்பதற்கு அட்டவணை உண்டு. லேசான உறைமழைக்கு அதில் நிமிடக் கணக்கு இருக்கிறது. மிதமான, கனமான உறைமழைக்குக் கணக்கே கிடையாது. அப்போது விமானம் கிளம்பாது, அவ்வளவுதான்.

டொரண்டோவில் டி-ஐசிங்குக்குத் தனி மைதானமே இருக்கிறது. பயணிகளை ஏற்றிக்கொண்டுதான் அங்கே போவார்கள். திரும்பும்போது உங்கள் பெற்றோர் உள்ளேயே வெகுநேரம் உட்கார்ந்திருக்க நேரலாம், கலங்க வேண்டாம். எனக்கு எரிச்சல் வருவது வேறொன்றில். அன்றைக்குக் கிளம்பப்போவதில்லை என்று விமான நிறுவனத்தின் இயக்கப் பிரிவுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். செயலியிலோ '30 நிமிடம் தாமதம்' என்று தவணை முறையில் காட்டுவார்கள். காரணம் கேட்டால் 'செயல்பாட்டுக் காரணங்கள்'. 'உறைமழை' என்று எழுத என்ன தயக்கமோ!

சென்னையில் இந்தத் தொல்லையே இல்லையே என்பீர்கள். உறைமழை இல்லைதான், ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. பல மணி நேரம் கடுங்குளிரில் பறந்துவரும் விமானத்தின் இறக்கைக்குள் மிச்சமிருக்கும் எரிபொருள் சில்லிட்டுப் போயிருக்கும். மீனம்பாக்கத்தில் இறங்கியதும், நம் ஊர் ஈரக்காற்று அந்த உலோகத்தில் பட்டு உறைபனியாகப் படியலாம், வெளியே 28 டிகிரி இருந்தாலும். இறக்கையின் அடியில், எரிபொருள் தொட்டிப் பகுதியில் மட்டும் சுமார் 3 மில்லிமீட்டர் வரை பொதுவாக அனுமதி உண்டு. மேல்பக்கம் படிந்தால் போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நள்ளிரவில் வந்து விடியற்காலையில் திரும்பும் வெளிநாட்டு விமானங்களில் இது நடக்கலாம். சென்னையில் விமானி "ஐஸ்" என்று அறிவித்தால் கதை விடுகிறார் என்று நினைக்காதீர்கள்.

இப்போது டிக்கெட். இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தால், கனெக்டிங் ஃப்ளைட் ரத்தானாலும் தவறினாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பாடு. இரண்டு டிக்கெட் என்றால், முதல் விமானம் தாமதமானது பற்றி இரண்டாவது நிறுவனத்துக்குக் கவலை இல்லை. 'வரவில்லை' என்று குறித்து, பெரும்பாலும் திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே ரத்து செய்துவிடும். லக்கேஜும் பிராங்க்பர்ட்டோடு நின்றுவிடும். அதை எடுக்க ஜெர்மனிக்குள் நுழைய வேண்டும், அதற்கு ஷெங்கன் விசா வேண்டும். கனடா விசா போதாது. சென்னை கவுன்டரிலேயே நிறுத்தினாலும் ஆச்சரியமில்லை. இதையெல்லாம் அந்த ஏஜெண்ட் சொன்னாரா?

அந்த 4,000 ரூபாய் சுத்த ஏமாற்று. நிறுவனமே ரத்து செய்து, மாற்று விமானமும் தராவிட்டால், அந்தப் பணம் எப்படியும் உங்களுடையது. ஏஜெண்டிடம் வாங்கியிருந்தாலும் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே என்கிறது நம் நாட்டு விமானப் போக்குவரத்துக் கண்காணிப்பு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. வானிலைக்கு நஷ்டஈடு மட்டும் கிடைக்காது. கனடா விதிப்படி, ரத்தானால் 48 மணி நேரத்துக்குள் வேறு விமானம் தர முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். காப்பீடு வேண்டுமென்றால் பாலிசி எண்ணோடு கம்பெனியிடமே வாங்குங்கள், அதுவும் புயல் செய்தி வருவதற்கு முன்பே. ஏஜெண்ட் தன் லெட்டர்பேடில் எழுதித் தரும் 'கவர்' வெறும் காகிதத்துக்குச் சமம்.

இன்னொரு தில்லுமுல்லு: சில ஏஜெண்டுகள் புக்கிங்கில் தங்கள் போன் நம்பரையே போட்டுவிடுவார்கள். ரத்துச் செய்தி அவர்களுக்குப் போகும், அப்பாவும் அம்மாவும் விமான நிலையத்துக்குப் போய் நிற்பார்கள். உங்கள் எண்ணும் தங்கையின் மின்னஞ்சலும் இருக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்திலேயே பாருங்கள். பிராங்க்பர்ட்டில் மூன்று மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி வேண்டாம். வீல்சேரை இப்போதே பதிவு செய்யுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் ஒரு வாரத்துக்குக் கைப்பையில் இருக்கட்டும், அவற்றை செக்-இன் பெட்டியில் போட விடாதீர்கள்.